நீஸ் நகரில் இரண்டு மணி நேரம் கொடுங்கள்: ஐரோப்பியச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டிலிருந்து நம் மக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, சோறும் மருந்தும் தவறாமல் கவனித்து, பத்திரமாக வீடு திரும்பச் செய்கிறவர்கள் நீங்கள். எழுபது வயதைக் கடந்தவர்களையும் பனிமலை உச்சிவரை கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அதனால்தான் உங்களிடம் ஒன்றைக் கேட்க முடியும் என்று நம்பி எழுதுகிறேன். பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகருக்கு உங்கள் பஸ் போகும்போது, அங்குள்ள ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நாங்கள் மாமல்லபுரத்துக்காரர்கள். என் பெரியப்பா ஐம்பது ஆண்டுகள் கல்தச்சராக வேலை செய்தவர். உளி பிடித்த கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, கண் மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது. சென்ற ஆண்டு அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு குழுப் பயணத்தில் சேர்ந்தேன். பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று சுற்றிவிட்டுக் கடைசியாக நீஸ் வந்தோம். கடற்கரைச் சாலையில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். படம் எடுத்துக்கொண்டோம். அன்று காலையில்தான் ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு வந்திருந்தோம்.

விமான நிலையத்தை நெருங்கும்போது, சாலையின் மறுபக்கத்தில் நீர்ப்பரப்பின் மேல் ஒரு வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. பளிங்கு வேலை. பெரியப்பா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "அது என்ன கட்டடம்?" என்று கேட்டார். எங்களை அழைத்துச் சென்றவர் நல்ல மனிதர். அன்பாகத்தான் சொன்னார்: "அது ஏதோ மியூசியம் ஐயா. இந்தியா, சீனா சிலைகள். நம் ஊரில் பார்க்காததா?" பஸ் நகர்ந்துவிட்டது.

மற்றவர்கள் அன்றிரவே ஊர் திரும்பினார்கள். எங்கள் இருவருக்கும் மறுநாள் மாலைதான் விமானம். காலையில் எழுந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "அந்த வெள்ளைக் கட்டடத்துக்குப் போகலாமா அம்மா?" என்பதுதான். போனோம். அதைப் பார்த்த பிறகுதான், எதைக் கடந்து அந்த பஸ் போனது என்று எனக்குப் புரிந்தது.

முதலில் நீஸ் நகரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் இதமான வெயிலைத் தேடி வந்த ஆங்கிலேயர்கள்தான் இந்த ஊரை ஓர் உல்லாச நகரமாக வளர்த்தார்கள். கடலோரம் நீளும் அந்தப் பெரிய நடைபாதைக்கு இன்றும் 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றுதான் பிரெஞ்சில் பெயர். 1820களில் அவர்கள் பணம் போட்டு அமைத்த பாதை அது. 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும், குளிர்கால ஓய்வு நகரம் என்ற சிறப்பைச் சொல்லியே சேர்த்தது. நம் கடற்கரையில் மணல். அங்கே கூழாங்கல். பெரியப்பா இரண்டைக் கையில் எடுத்து உரசிப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். அந்த நாற்பது நிமிடத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அருங்காட்சியகம் அந்த உலாச்சாலையின் மேற்குக் கோடியில், விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பீனிக்ஸ் பூங்கா என்ற ஏழு ஹெக்டேர் தோட்டத்தின் ஏரியில் அதை எழுப்பியிருக்கிறார்கள். 1998-இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே. அணுகுண்டில் அழிந்த ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தையும், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் யோயோகி விளையாட்டரங்கத்தையும் உருவாக்கியவர். கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசை 1987-இல் பெற்றவர். நீஸ் அருங்காட்சியகம் திறந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. அமைதியான ஏரியில் மிதக்கும் அன்னம் என்று இந்தக் கட்டடத்தை அவர் சொல்வாராம். கரையில் நின்று பார்த்தால் அது அப்படித்தான் இருக்கிறது.

சதுரமும் வட்டமும்தான் கட்டடத்தின் முழு மொழி. கீழே நான்கு கனசதுரங்கள், நீரின் மேல் நீண்டு நிற்கின்றன. நடுவே மேலெழும் வட்டக் கூடத்துக்குக் கண்ணாடிக் கூம்பு கூரை. கிழக்காசிய மரபில் சதுரம் மண், வட்டம் விண். இதை நான் படித்துச் சொன்னபோது பெரியப்பா சிரித்துவிட்டார். "இது நமக்கும் தெரிந்ததுதானே அம்மா. கருவறை சதுரம். மேலே போகப் போக எட்டுப்பட்டை, வட்டம். கோயில் கட்டும் முறையை நாகரம், வேசரம், திராவிடம் என்று மூன்றாகப் பிரித்ததே இந்தச் சதுரத்தையும் வட்டத்தையும் எட்டுப்பட்டையையும் வைத்துத்தானே" என்றார். ஜப்பானில் பிறந்த ஒருவர் பிரான்சில் கட்டிய கட்டடத்தின் இலக்கணத்தை, மாமல்லபுரத்துக் கல்தச்சர் ஒருவர் வாசலில் நின்றபடியே படித்துவிட்டார். பிறகு உள்ளே போகாமல் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். பலகைக் கல் இரண்டும் சேரும் இடத்தில் நகம் நுழைகிறதா என்று பார்த்தார்.

நான்கு கனசதுரங்களும் நான்கு நாடுகளுக்கு: இந்தியா, சீனா, கம்போடியா, ஜப்பான். ஏன் இந்த நான்கு என்றால், அதற்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. இந்தியாவும் சீனாவும் தாய் நாகரிகங்கள். அங்கிருந்து புறப்பட்ட நம்பிக்கைகளையும் வடிவங்களையும் கம்போடியாவும் ஜப்பானும் வாங்கித் தமக்கே உரியவையாக மாற்றிக்கொண்டன. மேலே உள்ள வட்டக் கூடம் பௌத்தத்துக்கு. கீழே நான்காகப் பிரிந்து நிற்கும் நிலங்களையெல்லாம் தொட்டுச் சென்ற சமயம் அதுதான் என்பதால் அந்த இடம் அதற்குப் பொருத்தம்.

அமைப்பாளர்களே, "நம் ஊரில் பார்க்காததா?" என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் இதைப் பார்க்க முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சைக் கலைக்கூடத்திலும் நம் செப்புத் திருமேனிகளுக்கு இணையில்லாத இருப்பு உண்டு. உலகமே அங்கே வந்து பார்க்க வேண்டும். ஆனால் அங்கே நாம் நம்மைத்தான் பார்க்கிறோம். நம் கலை கடல் கடந்து போய் வேறொரு மண்ணில் என்ன முகம் கொண்டது என்பதை, ஓர் அறையிலிருந்து பத்தடி நடந்து அடுத்த அறையில் பார்க்கும் வாய்ப்பு நம் மக்களுக்கு எங்கே கிடைக்கிறது?

கம்போடியப் பகுதியில் பெரியப்பா நின்ற நேரம் எனக்கு மறக்காது. கண்களைத் தாழ்த்தி மெல்லச் சிரிக்கும் ஒரு கெமர் முகம் (கம்போடிய மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் கெமர் என்று பெயர்). மணற்கல். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம் கல் இல்லை. மெத்தென்ற கல். உளி வழுக்கிக்கொண்டு போகும். கருங்கல்லில் இப்படி இழைக்க முடியாது, தெறித்துவிடும்" என்றார். பிறகு, யாருக்கோ பாடம் சொல்வதுபோல், கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் முறையைச் சொல்லத் தொடங்கினார். மணி போல ஒலிப்பது ஆண் கல், அதில் சுவாமி. தாள ஓசை தருவது பெண் கல், அதில் அம்மன். ஓசையே எழாத கல்லைப் பீடத்துக்குத்தான் எடுப்பார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சு மூதாட்டி, மொழி புரியாமலேயே அவர் விரல்கள் காற்றில் தட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கெமர் சிலைகள் பலவும் கை இழந்தே நமக்குக் கிடைத்திருக்கின்றன. நான்கு கை, எட்டுக் கை தெய்வங்களையும் பின்பலகை இல்லாமல் முழு உருண்டையாகச் செதுக்கினார்கள். அந்தத் துணிச்சலுக்குக் கொடுத்த விலை முறிந்த கைகள். மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பங்களில் நம் சிற்பிகள் பாறையை விட்டு உருவத்தைப் பிரிக்கவில்லை. அருச்சுனன் தபசில் யானையும் முனிவரும் தேவரும் பாறையிலிருந்தே வெளியே வருகிறார்கள். இரண்டும் இரண்டு விதமான அறிவு. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த அறையில் பெரியப்பா பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. உங்கள் ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நெசவாளர் ஒருவர், பொற்கொல்லர் ஒருவர், கோயில் ஓதுவார் ஒருவர். அவர்களுக்குக் கண் இருக்கிறது. காட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

கம்போடியா நமக்கு அந்நியமும் அல்ல. அங்கே ஆண்ட மன்னர்களின் பெயர்கள் பல்லவர்களின் பெயர்களைப் போலவே 'வர்மன்' என்று முடிந்தன. பல்லவர் கால எழுத்தின் வழிவந்ததுதான் இன்றைய கெமர் எழுத்து. 967-இல் எழுந்த பான்டே ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண் நம் காரைக்கால் அம்மையார்தான். பேயுருவை வேண்டிப் பெற்ற அந்தத் தாயைக் கடலுக்கு அப்பால் ஒரு சிற்பி அறிந்திருந்தார்! சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஜப்பானியர் வணங்கும் பென்சைதென், வீணைக்குப் பதில் பிவா என்ற கருவியை ஏந்திய நம் கலைமகள். பஸ் ஓடும்போது ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் இவற்றைச் சொல்லிவிட்டு மக்களை உள்ளே அனுப்பிப் பாருங்கள். யாரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோயிலில் நாம் தெய்வத்தைப் பார்க்கிறோம், சிலையைப் பார்ப்பதில்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பட்டும் மாலையும் சாத்தி, தீபம் காட்டும் அந்த ஒரு கணத்தில் முகம் தெரிந்தால் போதும், கண் நிறைந்துவிடும். சிற்பி இடுப்பை எப்படி வளைத்தார், பின்னால் சடையை எப்படி இறக்கினார் என்பதைப் பார்க்க அங்கே வழியும் இல்லை, அவசியமும் இல்லை. அருங்காட்சியகத்தில் உருவத்தைச் சுற்றி வரலாம். "வேலை செய்தவனுக்கு முதுகுப்பக்கம் தெரிய வேண்டும்" என்றார் பெரியப்பா. எத்தனையோ சிலைகளைச் செய்து கோயில்களுக்கு அனுப்பியவர் அவர். போன பிறகு ஒன்றின் முதுகைக்கூட அவர் மறுபடி பார்த்ததில்லை.

வெளியே வந்து ஏரிக்கரையில் அமர்ந்தபோது அவர் கேட்டார்: "இவையெல்லாம் இங்கே எப்படி வந்தன அம்மா?" அந்தக் கேள்வியையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பயணிகளும் அதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உலக அருங்காட்சியகங்களில் நேர்மையாக வாங்கியவை உண்டு, பரிசாக வந்தவை உண்டு, திருட்டுப்போனவையும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடிய நடராசரை, கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. உண்மை வெளிவந்து, 2014-இல் நடராசர் இந்தியா திரும்பினார். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி, கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்தது என்று காட்டியது 1957-இல் எடுத்த ஒரு புகைப்படம். அதைத் திருப்பித் தர அந்தப் பல்கலைக்கழகம் 2024-இல் ஒப்புக்கொண்டது. அந்தப் புகைப்படத்தை இத்தனை ஆண்டுகள் காத்து வைத்திருந்தது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்.

நீஸில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் நான் இங்கே ஐயம் எழுப்பவில்லை. சிலையின் அருகே உள்ள குறிப்பைப் படிக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நூற்றாண்டு, எப்போது வாங்கியது என்று படிக்கிற தமிழர்கள் உலக அருங்காட்சியகங்களில் நடமாடினால், அது நம் கோயில்களுக்கு ஒரு காவல். உலாத் திருமேனியின் பீடத்தில் தண்டு செருகும் வளையத்தைப் பார்த்தவுடன், அது வீதி வலம் வந்த சாமி என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்களை நீங்கள் கடைத்தெருவோடு நிறுத்திவிடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

மாமல்லபுரத்தில் பிறந்தவளாக இதையும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எங்கள் ஊரும் கடலோர உல்லாச ஊர்தான். விடுதிகளும் மீன் உணவகங்களும் நிறைந்த ஊர். 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். பிரான்சிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள். நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன்: கையில் புத்தகத்தோடு அருச்சுனன் தபசின் முன் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். பிறகு எங்கள் பட்டறைகளுக்கு வந்து, கல்தூசியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, உளி விழுவதைப் பார்ப்பார்கள். அவர்களை அழைத்துவரும் வழிகாட்டி அதற்கு நேரம் ஒதுக்கியிருந்தார். எங்கள் தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அவர்கள் ஊருக்கு நாம் போகும்போது, நம் கலைக்கென்று அவர்கள் நீரின் மேல் பளிங்கில் ஒரு வீடு கட்டி வைத்திருக்கும்போது, நாம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகிறோம்.

நடைமுறைச் சிக்கல்களை நான் அறியாதவள் அல்ல. நாற்பது பேரை இறக்கி ஏற்றுவதே பெரும்பாடு. முதியவர்களுக்கு முழங்கால் வலி. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பாதி வழியிலேயே நம்மவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதை நானே பார்த்தேன். நீஸ் அருங்காட்சியகம் அப்படிப்பட்டதல்ல. சிறியது. நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் ஏரிக்கரையில் நிழலில் உட்காரலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆகவே உங்கள் செலவுக் கணக்கில் ஒரு யூரோகூட ஏறாது. விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பதால், வந்திறங்கும் நாளிலோ புறப்படும் நாளிலோ சேர்த்துக்கொள்வது எளிது. நகரத்திலிருந்து வருபவர்களுக்கு இரண்டாம் தடத்து டிராம் பக்கத்தில் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அந்த நாள் மட்டும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் எங்கிருந்து எடுப்பது என்றால், வாசனைத் திரவியக் கடையிலிருந்து எடுங்கள் என்று நேராகவே சொல்கிறேன். அந்தப் புட்டிகள் விமான நிலையத்திலும் கிடைக்கும்.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. விருப்பம் இல்லாதவர்கள் கடற்கரையில் நடக்கட்டும். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மக்களிடம் கொடுங்கள். "உங்களுக்கு எதற்கு?" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வாழ்நாளில் ஒருமுறை, சேமிப்பைத் திரட்டி வருகிறவர்கள் அவர்கள். மறுபடி வரப்போவதில்லை.

பெரியப்பாவிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பயணம் புறப்படுவதற்கு முன், உங்களில் யாராவது உங்கள் குழுவை ஒரு மாலை மாமல்லபுரத்துக்கு அழைத்து வந்தால், அவர் தன் பட்டறையில் கருங்கல்லையும் மணற்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் தட்டி ஓசை காட்டுவார். உளியும் சுத்தியலும் ஆளுக்கு ஒருமுறை கையில் தருவார். கட்டணம் கிடையாது. ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும், மணற்கல்லுக்கு அவர் ஏற்பாடு செய்துவிடுவார்.

இப்படிக்கு,
மாமல்லபுரத்துக் கல்தச்சர் குடும்பத்துப் பெண் ஒருத்தி